முதல் பிடி ஆண்டவருக்கு: அன்றாட வாழ்வில் தேவனுக்கு முதலிடம் கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மியான்மர் நாட்டின் யாங்கூனில், தாம்வே பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் அடுப்படியில் இரண்டு தகர டின்கள் எப்போதும் அருகருகே இருக்கும். ஒன்று அரிசி அளக்கும் பால் டின். இந்த நாட்டில் பால் டின் எட்டு சேர்ந்தால் ஒரு பியி என்பது கணக்கு. மற்றொன்று மூடியுள்ள பெரிய டின். என் தாயார் உலை வைத்ததும் மூன்று பால் டின் அரிசியை முறத்தில் கொட்டுவார். கல் பொறுக்குவதற்கும் களைவதற்கும் முன்பாகவே, வலக்கையால் ஒரு பிடி அள்ளி மூடியுள்ள டின்னில் போட்டுவிடுவார். பிறகுதான் மற்ற வேலை. காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி என்று மாதக் கடைசியில் ஒரு பியிக்குச் சற்றுக் கூடுதலாகவே சேரும். அது சபைக்குப் போகும், அங்கிருந்து அடுப்பெரியாத வீடுகளுக்குப் போகும்.

ஒரு மாதக் கடைசியில் அரிசி குறைந்து, முறத்தில் இரண்டு டின் மட்டுமே விழுந்தது. அன்றும் அவர் கை அதே டின்னை நோக்கிப் போவதைப் பார்த்து, "எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சினதைப் போடக் கூடாதா அம்மா?" என்று கேட்டேன். "மிஞ்சினது மிஞ்சினதுதான்டா, அதுக்குப் பேர் காணிக்கை இல்லை" என்றார். பைபிளை எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்கே படித்தவர் அவர். தேவனுக்கு முதலிடம் கொடுப்பது பற்றி நான் பின்னாளில் கேட்ட பிரசங்கங்களில் எதுவும் அந்தப் பதிலைத் தாண்டிப் போனதாக எனக்குத் தோன்றவில்லை.

பிடி அரிசி நம் வீடுகளுக்கு மட்டும் உரியதன்று. மேற்கு எல்லைக்கு அப்பால், மிசோரம் சபைகளின் பெண்கள் 1910 முதல் இதே முறையில் அரிசி ஒதுக்கி, அதைக் கொண்டே ஊழியங்களைத் தாங்கி வருகிறார்கள். எங்கள் அடுத்த வீட்டுப் பர்மிய அம்மாளும் பானையிலிருந்து முதல் அகப்பைச் சோற்றைத் தம் வீட்டுப் பீடத்துக்கும், காலையில் பிச்சைப் பாத்திரத்தோடு வரும் பிக்குகளுக்கும் எடுத்து வைத்த பிறகே பிள்ளைகளுக்குப் பரிமாறுவார். வழிபாடு வேறாயிருந்தாலும், முதலில் எடுப்பது என்றால் என்ன என்பதை அந்த இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

"முதலாவது" என்ற சொல்லின் பொருள்

"முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்; அப்பொழுது இவைகளெல்லாம் உங்களுக்குக் கூடக் கொடுக்கப்படும்" என்னும் மத்தேயு 6:33 நம் வீட்டுச் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் தொங்குகிற வசனம். தனியே தொங்குவதாலேயே அதன் முன்பகுதி நமக்கு மறந்துவிடுகிறது. என்னத்தை உண்போம், என்னத்தைக் குடிப்போம், என்னத்தை உடுப்போம் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தே ஆண்டவர் இதைச் சொன்னார். கேட்டவர்கள் வயிறு நிறைந்தவர்கள் அல்லர். எனவே "நிலைமை சீரானதும் ஆண்டவரைக் கவனிக்கலாம்" என்று நாம் சொல்லும் சமாதானத்துக்கு அந்தப் பகுதியில் இடமே இல்லை.

தேவன் முதலில், குடும்பம் இரண்டாவது, வேலை மூன்றாவது, சபை நான்காவது என்று வரிசைப்படுத்திக் கற்பிப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த வரிசை எனக்கு உதவியதில்லை. வரிசையில் நிற்பவருக்கு அவருடைய பங்கைக் கொடுத்துவிட்டால் மற்றவற்றில் அவருக்குப் பேச்சில்லை என்று ஆகிவிடுகிறது; காலையில் அரை மணி நேரம் ஜெபித்தவர் பகல் முழுவதும் கடையில் தம் இஷ்டப்படி நடக்கலாம் என்றாகிறது. 1 இராஜாக்கள் 17-ஆம் அதிகாரத்தின் சாறிபாத் விதவையிடம் இருந்தது பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும். தானும் மகனும் கடைசியாகச் சாப்பிட்டுச் செத்துப்போக இரண்டு விறகு பொறுக்க வந்தவளிடம், முதலில் எனக்கு ஒரு சிறிய அடை பண்ணிக் கொண்டுவா, பிறகு உங்களுக்குப் பண்ணலாம் என்கிறார் எலியா. மாவு குறையாது என்ற வாக்கு அவளுக்குக் கிடைத்தது உண்மைதான். ஆனால் மாவு குறையாதிருந்ததை அவள் பார்த்தது முதல் அடையைக் கொடுத்த பிறகுதான். மீதிக்கு என்ன ஆகும் என்று தெரிவதற்கு முன்பே, இருப்பதில் முதலாவதை அவர் கையில் வைப்பதும், அந்த முதலாவதின் நிமித்தம் மீதி முழுவதையும் அவர் சொற்படி நடத்துவதுமே முதலிடம் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். கீழ்வரும் படிகள் எல்லாம் இந்தப் புரிதலிலிருந்து வருபவை.

முதல் படி: இப்போது முதலிடத்தில் இருப்பது யார் என்று பாருங்கள்

ஏழு நாட்களுக்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏழு நாட்களும் எதையும் மாற்ற முயலாமல், மூன்று கேள்விகளுக்கு மட்டும் ஒவ்வொரு இரவும் இரண்டு வரி எழுதுங்கள். விழித்ததும் என் கை எதைத் தேடியது? கையில் பணம் வந்ததும் அது முதலில் எங்கே போனது? இரண்டு காரியங்கள் மோதிக்கொண்டபோது எது விட்டுக்கொடுத்தது? மூன்றாவது கேள்வியே மற்ற இரண்டையும்விட ஆழமானது. யாரும் ஆண்டவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறொன்றைத் தெரிந்துகொள்வதில்லை. விருந்தினர் வந்தார், ஜெபம் நாளைக்கு. சரக்கு வந்து இறங்கியது, ஆராதனை அடுத்த வாரம். எப்போதும் விட்டுக்கொடுப்பது ஒரே ஒரு காரியமாக இருந்தால், அதுவே உங்கள் வீட்டில் கடைசி இடத்தில் இருக்கிறது.

எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. எட்டாம் நாள் அதை வாசித்து, வாசித்தபடியே ஆண்டவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: காலையின் முதற்பங்கை ஒதுக்குங்கள்

மின்சாரம் முறை வைத்து வருகிற ஊரில் வாழ்கிற நமக்கு, "தினமும் ஐந்து மணிக்கு எழுந்து ஜெபியுங்கள்" என்ற அறிவுரை பாதி வாரம்கூட நிலைக்காது. நாலு மணிக்கு மின்சாரம் வந்தால் வீடே எழுந்துவிடுகிறது. தண்ணீர் மோட்டார் போட வேண்டும், கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும், பிள்ளைகளின் சீருடைக்குத் தேய்ப்புப் பெட்டி வைக்க வேண்டும். ஆகையால் ஜெபத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் ஒரு செயலோடு கட்டுங்கள் என்பதே என் யோசனை. முகம் கழுவிய பிறகு, கைபேசியைத் தொடுவதற்கு முன் என்று ஒரு எல்லை வைத்துக்கொண்டால், மின்சாரம் எந்த நேரத்துக்கு வந்தாலும் அந்த எல்லை நகராது. மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி நிறையும் வரை உட்கார்ந்து ஜெபிக்கிற சகோதரிகளை எனக்குத் தெரியும். அதுவும் நல்ல ஏற்பாடுதான்.

மாற்கு 1:35-இல் ஆண்டவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபம்பண்ணினார் என்று வாசிக்கிறோம். அதற்கு முந்தைய சாயங்காலம் பட்டணம் முழுவதும் வாசலில் கூடியிருந்தது. நோயாளிகளைக் குணமாக்கிய அந்த நீண்ட நாளின் களைப்பு அவர் உடலிலும் இருந்திருக்கும். மறுநாள் எல்லாரும் அவரைத் தேடினார்கள். தேடுகிறவர்கள் வருவதற்கு முன்பே அவர் பிதாவோடு இருந்துவிட்டார்.

தொடங்குகிறவர்களுக்குப் பதினைந்து நிமிடம் போதும். முதல் இரண்டு மூன்று நிமிடம் எதையும் கேட்காமல் நன்றி மட்டும் சொல்லுங்கள், அதுவும் பெயர் சொல்லி, பொருள் சொல்லி. பிறகு ஒரு சங்கீதத்தையும் சுவிசேஷத்தில் ஒரு பகுதியையும் வாய்விட்டு வாசியுங்கள். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள் இருப்பதால், நாளுக்கு அரை அதிகாரம் வைத்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும். சங்கீதங்கள் 150, நாளுக்கு ஒன்று என்றால் ஏறக்குறைய ஐந்து மாதம், ஆனால் 176 வசனம் உள்ள 119-ஆம் சங்கீதத்தைப் பல நாட்களுக்குப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். வாசித்ததில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சற்று மௌனமாயிருங்கள். விண்ணப்பங்கள் கடைசியில் வரட்டும். அச்சுப் பைபிளே நல்லது என்று நான் அழுத்திச் சொல்வேன். கைபேசியில் வாசிக்கத் தொடங்கினால், சார்ஜ் தீர்வதற்கு முன்பே யாரோ அனுப்பிய செய்தி நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இரவு வேலை பார்க்கும் காவலாளிகள், செவிலியர், தொழிற்சாலைப் பிள்ளைகள் இதனால் மனம் தளர வேண்டாம். அவர்கள் மதியம் ஒரு மணிக்கு விழித்தால், ஒரு மணியே அவர்களுக்கு அதிகாலை.

மூன்றாம் படி: குடும்ப ஜெபத்தை இரண்டு மொழியிலும் நடத்துங்கள்

இந்த நாட்டுத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் குடும்ப ஜெபம் நின்றுபோனதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. பாட்டிக்குத் தமிழ் வேதாகமம். பேரனுக்குப் பள்ளியில் கற்ற பர்மிய எழுத்து. தமிழில் வாசித்தால் பிள்ளைகள் பாயை விரலால் கீறிக்கொண்டிருக்கிறார்கள். பர்மிய மொழியில் வாசித்தால் பெரியவர்கள் அந்நியராகிறார்கள். இந்தச் சங்கடத்தைத் தீர்க்காமல் "குடும்பமாக ஜெபியுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை.

நாங்கள் செய்வது இது. ஒரே பகுதியை, பத்து வசனத்துக்கு மிகாமல், முதலில் வீட்டில் மூத்தவர் தமிழில் வாசிப்பார். அடுத்து இளையவர் பர்மிய வேதாகமத்தில் வாசிப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி: இரண்டு வாசிப்பிலும் எந்தச் சொல் உன் காதில் நின்றது? ஒரு நாள் மத்தேயு 6:33 வாசித்தபோது, "முதலாவது" என்று நாம் வாசிக்கும் இடத்தில் பர்மிய வேதாகமத்தில் "ஷே ஊ ஸ்வா" என்று வருவதை என் இளைய மகன் எடுத்துச் சொன்னான். ஷே என்றால் முன்னே, ஊ என்றால் தலை, தொடக்கம். "அப்பா, அப்படின்னா ஆண்டவர் பின்னால வர்றவர் இல்ல, முன்னால நடந்து போறவர்" என்றான். அன்று யாரும் வேறு விளக்கம் சொல்லவில்லை.

அந்த இரண்டு புத்தகங்களும் நம் கைக்கு வந்த விதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அது தெரிந்த பிள்ளை புத்தகத்தைக் கையில் எடுக்கும் விதமே மாறிவிடும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்று மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அங்கேயே அச்சேறியது. 1813-இல் யாங்கூனுக்கு வந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன், முதல் பர்மிய விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819-இல். ஆறு ஆண்டுகள் ஒருவரும் இல்லாமல் அவர் மொழியைக் கற்றுக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். 1824-இல் ஆங்கிலேயரோடு போர் மூண்டு அவர் அன்றைய தலைநகரான ஆவாவில் சிறைப்பட்டபோது, அவருடைய மனைவி ஆன் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். காலில் விலங்கோடு அவர் அதன்மேல் தலைவைத்துப் படுத்தார். முழு வேதாகமத்தின் மொழிபெயர்ப்பு 1834-இல் முடிந்தது. பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் மொழியில் ஆண்டவருடைய வார்த்தை இருப்பதற்கு இவ்வளவு நடந்திருக்கிறது.

நேரம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு கீர்த்தனை, வாசிப்பு, கேள்வி, ஆளுக்கு ஒரு வரி ஜெபம், கர்த்தருடைய ஜெபம். இருட்டில் மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்தாலும் இது நடக்கும். கீர்த்தனையைத் தமிழிலேயே பாடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். பேசத் தெரியாத பிள்ளைகூட பாட்டின் வழியாகத் தாத்தாவின் மொழியில் ஆண்டவரைக் கூப்பிடப் பழகிக்கொள்ளும். இரவில் உறக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்துக்கு இதைத் தள்ளிவிடாமல், சோறு பரிமாறுவதற்கு முன்பே முடித்துவிடுவது என் அனுபவத்தில் நிலைத்த முறை.

நான்காம் படி: பணத்தில் முதலாவதை எடுத்து வையுங்கள்

இந்தப் பகுதி சற்று நீளும், ஏனென்றால் முதலிடம் என்ற பேச்சு உண்மையா பொய்யா என்று தெரியவருவது பணத்தில்தான்.

"உன் பொருளாலும், உன் எல்லா விளைவின் முதற்பலனாலும் கர்த்தரைக் கனம்பண்ணு" என்கிறது நீதிமொழிகள் 3:9. சம்பளம் கைக்கு வந்த அன்றே, வாடகைக்கும் அரிசிக்கும் எண்ணெய்க்கும் பிரிக்கும் முன்பாக, ஆண்டவருடைய பங்கை ஒரு தனி உறையில் போடுங்கள். பத்தில் ஒரு பங்கு நம் சபைகளில் பழகிவந்த அளவு. அரிசி விலையும் எண்ணெய் விலையும் ஏறிக்கொண்டே போகும் இந்நாட்களில் அந்த அளவு இயலாத குடும்பங்கள் உண்டு. அவர்கள் இயன்ற பங்கில் தொடங்கட்டும், ஆனால் அது முதலில் எடுத்ததாக இருக்கட்டும். மாதக் கடைசியில் உறையில் போட மீந்த பெரிய நோட்டைவிட, முதல் நாளில் ஒதுக்கிய சிறிய நோட்டு காணிக்கை என்ற பெயருக்குத் தகுந்தது.

கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். வட்டிக்காரருக்குச் சேர வேண்டிய பணம் நம்முடையதன்று. பிறர் பொருளை எடுத்து ஆண்டவரைக் கனம்பண்ண முடியாது. கடன் இருந்தால், சிறிய ஒரு பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு, அடுத்ததாகக் கடனை அடைப்பதையே அவருக்குச் செய்யும் கீழ்ப்படிதலாக எண்ணுங்கள்.

பெற்றோரைக் கைவிட்டுவிட்டுக் கொடுக்காதீர்கள். மாற்கு 7-இல், தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குரிய காணிக்கை, என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்களை ஆண்டவர் கடிந்துகொள்கிறார். இதை நான் பணத்தில் செய்யவில்லை, நேரத்தில் செய்தேன். பாடகர் குழுவுக்கும் கன்வென்ஷன் வேலைகளுக்கும் நான் செயலாளனாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு ஆண்டுகள், என் தாயார் படுக்கையில் இருந்தார். ஒவ்வொரு மாலையும் "சபை வேலை அம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன்; அவர் ஒரு நாளும் தடுக்கவில்லை. ஆண்டவருக்கு முதலிடம் கொடுப்பதாகவே நான் முழு மனதோடு நம்பிக்கொண்டிருந்தேன். அவர் அடக்கமான பிறகு மாற்கு 7-ஐ வாசித்த இரவில்தான், நான் முதலிடம் கொடுத்தது எனக்குக் கிடைத்த பெயருக்கு என்று தெரிந்தது. சபை வேலையில் மும்முரமாக இருக்கும் தம்பி தங்கையர் இந்தப் பத்தியை இன்னொரு முறை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் வேலை செய்து, உண்டியல் என்னும் தனியார் பணமாற்று வழியாக வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய முதற்பலன் எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. வாரந்தோறும் அவர்களுக்கு வசனத்தின் உணவைக் கொடுக்கிற சபைக்கு அதில் பங்கு உண்டு, அவர்களைச் சுமந்து வளர்த்த தாய்ச் சபைக்கும் பங்கு உண்டு. அளவை அவர்களே ஜெபித்து முடிவு செய்யட்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தேவனுக்கு முதலிடம் கொடுத்தால் வியாபாரம் பெருகும், நோய் அண்டாது என்று போதிக்கிறவர்கள் உண்டு. அந்தப் போதனையை இந்த நாட்டுத் தமிழர் வரலாற்றின் முன் நிறுத்திப் பாருங்கள். 1942-இல் குண்டு விழுந்த நகரத்தை விட்டு மலையும் காடும் கடந்து நடந்தவர்களில் ஜெபிக்கிறவர்கள் இல்லையா? 1964-இல் கடைகள் அரசுடைமையானபோதும், அதே ஆண்டு மே மாதத்தில் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போனபோதும், கப்பலேறிச் சென்னைக்குப் போனவர்களில் தசமபாகம் கொடுத்தவர்கள் இல்லையா? என் பாட்டனாரின் மளிகைக் கடையும் அப்போது போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல் முதல் வரிசையில் உட்கார்ந்து, பையிலிருந்த சில்லறையைக் காணிக்கைத் தட்டில் வைத்தார் என்று என் தகப்பனார் சொல்வார். ஆண்டவர் வாக்களித்தது அன்றாட உணவும் உடையும் தம் சமுகமும். கடை நிலைக்கும் என்று அவர் எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆகையால் கடை போனபோது பாட்டனாருக்கு அவரோடு வழக்காட எதுவுமிருக்கவில்லை.

ஐந்தாம் படி: தொழிலில் அவர் சொல்லுக்கு இடம் கொடுங்கள்

வசனத்தில் ராஜ்யத்தோடு கூட "அவருடைய நீதியையும்" என்று சேர்ந்திருக்கிறது. நீதி கல்லாவில் தொடங்குகிறது.

பர்மியர் பேய்தா என்று சொல்லும் எடையை நாம் விஸ் என்கிறோம். வீசை என்னும் நம் சொல்லே அது. ஒரு விஸ் என்பது ஏறக்குறைய 1.63 கிலோ, நூறு கியாத்தா. எனக்குப் பத்தொன்பது வயதாயிருந்தபோது, என் தகப்பனாரின் சிறிய பருப்புக் கடையில் மாலை நேரம் நான் உட்காருவேன். சந்தையில் மற்றவர்கள் செய்வதைப் பார்த்து, தராசில் பருப்பு வைக்கும் தட்டின் அடியில் நெல்லிக்காய் அளவு புளி உருண்டை ஒன்றை ஒட்டினேன். ஒவ்வொரு விஸ்ஸிலும் இரண்டு மூன்று கியாத்தா நமக்கு மிஞ்சும். நான்கு நாள் கழித்து, தட்டைத் துடைக்கத் தலைகீழாகத் திருப்பிய என் தகப்பனார் அதைப் பார்த்தார். பேசவில்லை. கட்டைவிரல் நகத்தால் அதைச் சுரண்டி எடுத்து, தட்டைச் சாம்பலிட்டுக் கழுவி, துணியால் துடைத்து மாட்டினார். மறுநாள் தொடங்கி ஒரு மாதம் முழுவதும், பருப்பு வாங்கிய ஒவ்வொருவருக்கும் எடை போட்ட பிறகு ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டார். போடும்போது என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தார். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்னும் நீதிமொழிகள் 11:1-ஐ அவர் எனக்கு வாசித்துக் காட்டவே இல்லை.

உங்கள் தொழிலில் அந்தப் புளி உருண்டை எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடுங்கள். அலுவலகத்தில் வருகைப் பதிவேடாக இருக்கலாம். கட்டட வேலையில் கலவையில் குறையும் சிமெண்டாக இருக்கலாம். ஆசிரியருக்கு, வகுப்பில் பாதி சொல்லி மீதியை டியூஷனுக்கு வைத்துக்கொள்வதாக இருக்கலாம். வேலையாட்களுக்குக் கூலியைச் சொன்ன நாளில் கொடுப்பதும் இதில் அடங்கும். கண்டுபிடித்தால், ஜெபித்துவிட்டு விட்டுவிடாமல், இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் வழியையும் தேடுங்கள். சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்ன பிறகே "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற வார்த்தை வந்தது.

ஆறாம் படி: முதலில் ஒப்புரவாகுங்கள்

இந்தப் படி சிறியது, செய்வதற்குக் கடினமானது. பலிபீடத்தண்டையில் காணிக்கை செலுத்த வந்தவனுக்கு, தன்பேரில் தன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து" செலுத்தும்படி மத்தேயு 5:24 சொல்கிறது. ஆராதனையைக்கூட நிறுத்தி வைக்கும் அளவுக்கு ஆண்டவருக்கு அது முக்கியம். நம் சமூகம் சிறியது. திருமணப் பேச்சு முறிந்தது, சொத்துப் பங்கு, சபைத் தேர்தல் என்று ஆண்டுக்கணக்கில் பேசாமல் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். நேரில் போங்கள். யார் சரி என்று பேசத் தொடங்காமல், உங்கள் பக்கத்துத் தவறை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். அவர் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் நீங்கள் போனது போனதே.

ஏழாம் படி: ஞாயிற்றுக்கிழமையைச் சனிக்கிழமையே தொடங்குங்கள்

ஞாயிறு காலை பரபரப்பில் ஆண்டவருக்கு முதலிடம் கிடைப்பதில்லை. சனிக்கிழமை மாலையே உடைகளை எடுத்து வையுங்கள், காணிக்கை உறையைப் பைபிளுக்குள் வையுங்கள், மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கி வையுங்கள். பேருந்து எப்போது வரும் என்று தெரியாத நகரத்தில் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதும் பக்தியின் பகுதிதான்.

ஞாயிறு கடை திறக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இது. சொந்தக் கடையானால், ஆராதனை முடியும் வரையாவது மூடுங்கள். இயன்றால் நாள் முழுவதும். அந்த ஒரு நாளின் வரவை விட்டுவிடுவது, நம்மைப் போஷிப்பது கடையன்று என்று நம் பிள்ளைகள் கண்ணால் காணும் பாடம். பிறரிடம் கூலிக்கு வேலை செய்து ஞாயிறு விடுப்பு கிடைக்காதவர்களை யாரும் குற்றவாளிகளாகப் பார்க்கக் கூடாது. அவர்களுக்கென்று வாரநாள் மாலையில் ஒரு கூடுகை ஏற்பாடு செய்வது சபையின் கடமை. ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டான திஞ்ஞான் விடுமுறை வரும்போது ஊரே தண்ணீர் விளையாடும். அந்த நாட்களில் ஒன்றையாவது உபவாச ஜெபத்துக்கோ, நோயாளிகளைப் பார்க்கவோ முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டால், மற்ற நாட்களை மகிழ்ச்சியோடு அனுபவிக்கலாம்.

எட்டாம் படி: பெரிய முடிவுகளில் அவரைக் கடைசியில் கேட்காதீர்கள்

பெண் பார்த்து, நகை பேசி, மண்டபம் பிடித்த பிறகு சபைப் போதகரான ஐயரை அழைத்து "ஜெபம் பண்ணுங்க ஐயா" என்று சொல்கிறோம். வெளிநாட்டு வேலைக்கு ஏஜெண்டிடம் முன்பணம் கட்டிய பிறகு சித்தத்தை விசாரிக்கிறோம். முடிவெடுத்த பிறகு கேட்பது கையெழுத்து வாங்குவதற்குச் சமம். எதற்கும் பணம் கைமாறுவதற்கு முன் ஒரு வாரம் வையுங்கள். அந்த வாரத்தில், இந்தக் காரியம் நடக்காமல் போனாலும் உம்மை நேசிப்பேன் என்று மனதாரச் சொல்ல முடிகிறதா என்று ஜெபத்தில் பாருங்கள். முடியவில்லை என்றால், அந்தக் காரியம் ஏற்கெனவே அவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டது, அவசரப்படாதீர்கள்.

தவறிய நாட்களில்

தவறுவீர்கள். மின்சாரம் போய், குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, மூன்று நாள் பைபிளைத் தொடாமல் போகும். அப்போது விட்டுப்போன அதிகாரங்களையெல்லாம் சேர்த்து வாசித்து ஈடுகட்ட முயலாதீர்கள். அந்தப் பளுவே பலரை நிரந்தரமாக நிறுத்திவிட்டது. இன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள். என் தாயாரும் சில நாள் பிடி அரிசி எடுக்க மறந்து உலையில் போட்டுவிடுவார். மறுவேளை இரண்டு பிடி எடுக்க மாட்டார், ஒரு பிடிதான். "அது நேத்தைய அரிசி, போச்சு. இது இன்னைக்கு உள்ளது" என்பார்.

எல்லாப் படிகளையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் மாதம் நோட்டுப் புத்தகமும் காலை ஜெபமும். இரண்டாம் மாதம் குடும்ப ஜெபமும் பிடி அரிசியும். பணமும் தொழிலும் அதன் பிறகு. பிடி அரிசிக்கு மூடியுள்ள டின்னே வேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் வண்டு விழும். கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அடியில் நான்கு காய்ந்த மிளகாய் போட்டு, அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் இடத்தில் வையுங்கள்.